எழுதாமல் விட்ட கட்டம்

மாமல்லபுரத்தை விட்டு எட்டு கிலோமீட்டர் நடந்திருந்தேன். தோளில் ஒரு பை. அதில் ஒரு லுங்கி, ஒரு துண்டு, கல் தூசிக்கு மூக்கில் கட்டும் துணி. சிற்பக் கூடத்தில் ஏழு மாதம் இருந்துவிட்டேன், என் வரையில் அது நீண்ட காலம். யாரோடும் சண்டை இல்லை. இருமல் வந்தது, கிளம்பச் சொல்லிக் கால் அரித்தது, விடியற்காலையில் பையை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் சாலையைப் பிடித்தேன். செங்கல்பட்டு போனால் ரயில் இருக்கும். எந்தத் திசை ரயில் என்று முடிவு செய்திருக்கவில்லை.

கூடத்தில் எனக்கு ஒட்டு வேலை. உளி தவறிச் சிலையின் விரல் நுனியோ மூக்கோ சிதறினால் அதை எங்கள் பக்கம் தள்ளுவார்கள். அதே கல்லின் பொடியைப் பசையில் குழைத்து அப்பி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் தடவ வேண்டும். பிறகு செதுக்கியவராலேயே இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உளிப் பக்கம் எனக்குக் கை வரவில்லை, ஒட்டில் நன்றாக வந்தது. நான் ஏழாவது வரை படித்தவன். எட்டாம் வகுப்பு பக்கத்து ஊரில் இருந்தது. அந்த வழியாகப் போனவன், போய்க்கொண்டே இருந்துவிட்டேன்.

வெயில் ஏறியிருந்த நேரம். சாலையோரம் ஒரு பழைய மாருதி வேன் நின்றது. டிரைவர் கீழே இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். 108 வண்டி எல்லாம் வராத காலம் அது. அவசரம் என்றால் ஊரில் யாரிடம் வேன் இருக்கிறதோ அவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

“அண்ணாத்த, ஒரு கை குடு. ஸ்டார்ட் ஆவாம மக்கர் பண்ணுது. உள்ள புள்ள பெத்தவ கீறா,” என்றார்.

தள்ளினேன். முப்பது அடியில் வண்டி உறுமிக் கிளம்பியது. ஏறிக்கோ, மறுபடி நின்றால் யார் தள்ளுவது என்று டிரைவர் கத்தினார். ஓடிப் போய் ஏறினேன்.

பின் சீட்டை மடக்கிப் பாய் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் வெளிறிப் படுத்திருந்தாள். அவள் அக்கா ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி, மறு கையால் தங்கையின் கால்களைத் தன் மடிமேல் தாங்கியிருந்தாள். நடுவில் முப்பது வயதுள்ள ஒரு நர்ஸ் மண்டியிட்டு, அந்தப் பெண்ணின் அடிவயிற்றை ஒரு கையால் அழுத்தி உருட்டிக்கொண்டே இருந்தார். பாயில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. கையை எடுத்தால் ரத்தம் கூடும் என்பது பார்த்ததும் எனக்கே புரிந்தது. தாயின் மார்பில் துணிக்கடியில் ஏதோ இருந்தது. அது குழந்தை என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. அவ்வளவு சின்னது.

ஒரு மாதத்துக்கு மேல் முந்திக்கொண்ட பிரசவம். சுகாதார நிலையத்தில் பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தையின் அப்பா லாரியோடு விஜயவாடாவில் இருந்தார். இதையெல்லாம் அக்கா மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

தாய்க்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. நர்ஸ் அவள் மார்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணா, சட்டைய கழட்டுங்க.”

எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் உடம்பு சில்லிட்டுப் போகிறது, இனி அது குழந்தைக்கு உதவாது, சூடான நெஞ்சு ஒன்று வேண்டும், தனக்குக் கை ஒழியவில்லை, அக்காவுக்கும் ஒழியவில்லை, டிரைவர் வண்டி ஓட்ட வேண்டும் என்று வயிற்றிலிருந்து கை எடுக்காமல் சொன்னார்.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “இன்னா சிஸ்டர், இந்தாளு ஆரு எவருன்னே தெரியாது. மேலெல்லாம் கல்லு புழுதி.”

“ஈரத் துணி வச்சு தொடைக்கலாம். சூடு கீதா, அத்த மட்டும் பாரு.”

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். “ஆம்பள நெஞ்சுல பாலா வரப் போவுது?”

“சூடு வருமில்ல. ரோட்ட பாத்து ஓட்டுங்க.”

துடைத்துக்கொண்டேன். துடைத்த துணி சாம்பல் நிறமாகியது. நர்ஸ் ஒரு கையால் குழந்தையைத் தூக்கி என் நெஞ்சில் நிமிர்த்தி வைத்தார். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும், மூச்சுக்கு வழி வேண்டும், கால்கள் தவளை மாதிரி மடங்கியிருக்க வேண்டும். என் துண்டால் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டச் சொன்னார். மேலே என் சட்டையைத் திருப்பிப் போட்டார். குழந்தையின் தலையில் ஒரு கம்பளிக் குல்லாய் இருந்தது. என் உள்ளங்கை முழு முதுகையும் மூடியது.

ஆற்றில் கிடந்த கூழாங்கல்லை நெஞ்சில் வைத்தது போல் இருந்தது. ஏழு மாதம் கல்லைத் தொட்டவன் நான். குளிர்ந்த பொருள் எது என்று எனக்குத் தெரியும்.

நர்ஸ் தன் பையைத் திறக்கச் சொன்னார். அதில் ஒரு அட்டை, அட்டையில் செருகிய படிவம், ஒரு சின்ன எலக்ட்ரானிக் தெர்மாமீட்டர். படிவத்தில் கால் மணிக்கு ஒன்றாகக் கட்டங்கள். எண் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். குழந்தையின் அக்குளில் வைத்து, சத்தம் வந்ததும் எடுத்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, நேரத்துக்கு நேரே எழுத வேண்டும். “முப்பத்தஞ்சுக்கு மேல வரணும். அதுக்குக் கீழயே நின்னா உடனே சொல்லுங்க,” என்றார்.

முதல் எண் முப்பத்து நான்கு புள்ளி எட்டு. சொன்னேன். தாயின் வயிற்றில் நர்ஸின் கை வேகமாகியது. அக்கா பாட்டிலைப் பிடித்தபடி என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கால் மணியில் முப்பத்தைந்து புள்ளி இரண்டு. நான் அதை இரண்டு முறை படித்தேன். நான் எதுவும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன், மூச்சு விட்டேன். என்னிடமிருந்து எதுவோ அந்த உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது, அது எண்ணாகத் தெரிந்தது. அதுவரை என் உடம்பு மூட்டை தூக்கவும் நடக்கவும் மட்டும்தான் என்று நினைத்திருந்தவன் நான். திடுக்கிட்டுப் போனேன்.

திருக்கழுக்குன்றத்தில் மாட்டிக்கொண்டோம். சித்திரைத் தேர். தேர் திரும்பியிருக்கும் என்று நம்பி டிரைவர் மாடவீதி வழியே விட்டுவிட்டார். எதிரே வடம் வீதிக்குக் குறுக்கே வளைந்து போனது. ஆயிரம் பேர். பின்னாலும் கூட்டம் மூடிக்கொண்டது. வடத்தின் மேல் சக்கரம் ஏறக் கூடாது, யாரும் தாண்டவும் மாட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தாய்க்குக் கண் செருகியது. நர்ஸ் அவள் கன்னத்தில் தட்டிக் கூப்பிட்டார், அக்கா அலறினாள். டிரைவர் இறங்கிக் கூட்டத்துக்குள் ஓடினார்.

என்ன சொன்னார் என்று தெரியாது. வடம் பிடித்திருந்தவர்களில் ஒருவர் வேனுக்குள் குனிந்து பார்த்தார். திரும்பிக் கையை உயர்த்தினார். அந்தத் தடித்த வடம் தரையிலிருந்து எழுந்தது. நூறு கைகள் அதைத் தலைக்கு மேல் தூக்கின. கோபுரத்தையும் தேரையும் பார்த்து நின்றவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். வேன் கயிற்றுக்கு அடியில் மெதுவாக நகர்ந்தது. பள்ளத்தில் குலுங்கியபோது குழந்தையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். யாரும் சத்தம் போடவில்லை. என் நெஞ்சில் ஒரு சின்ன மூச்சு போய் வந்துகொண்டிருந்தது மட்டும் எனக்குக் கேட்டது.

ஊரைத் தாண்டியதும் தாய் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். தெர்மாமீட்டரை எடுத்தேன். முப்பத்தாறு புள்ளி ஒன்று. படிவத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. தேர் நின்ற நேரத்துக் கட்டம்.

முன்னால் முப்பத்தைந்து புள்ளி இரண்டு, பின்னால் முப்பத்தாறு புள்ளி ஒன்று. நடுவில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? முப்பத்தைந்து புள்ளி ஆறு என்று எழுதினேன். வரிசை அழகாக ஏறியது. நர்ஸுக்கு ஒரு உதவி செய்ததாகவே நினைத்தேன்.

செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. தாயைக் கொண்டுபோனார்கள். உள்ளே ஒரு நர்ஸ் குழந்தையை என்னிடமிருந்து அவிழ்த்து, பாதத்தைப் புறங்கையால் தொட்டு, “கால் சூடா கீது,” என்று ஆச்சரியமாகச் சொன்னார். வெளியூரிலிருந்து வரும் குறைமாதக் குழந்தைகளின் கால் அப்படி இருப்பதில்லையாம். நெஞ்சில் அது இருந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. அந்த இடத்தில் காற்று பட்டபோது எதையோ தொலைத்தது போல் நின்றேன்.

பிற்பகலில்தான் எங்கள் நர்ஸ் வெளியே வந்தார். தாய்க்கு ரத்தம் ஏற்றியாகிவிட்டது, ஆபத்து இல்லை என்றார். டீ வாங்கித் தந்தார். அவர் வேலையில் இருந்துகொண்டே மேல்படிப்பு படிக்கிறவர். அதற்கு முன் சில வருடம் கிராம நர்ஸ் பயிற்சிக்கு வரும் பெண்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். குறைமாதக் குழந்தையை அனுப்பும்போது நன்றாகத் துணி சுற்றுங்கள், வெந்நீர் பாட்டில் வையுங்கள் என்று அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்படிச் சுற்றி அனுப்பிய குழந்தைகள் சில்லிட்டு வந்து சேர்வதையும், பாட்டில் பட்டு ஒன்றிரண்டு வெந்து போனதையும் பார்த்த பிறகு அவருக்குச் சந்தேகம் வந்தது. நெஞ்சோடு கட்டி அனுப்பினால் வழியில் எவ்வளவு குளிர்கிறது? எந்த நேரத்தில், எந்த இடத்தில் குளிர்கிறது? அதற்காகத்தான் அந்தக் கட்டங்கள். ஒரு வருடமாக அவரும் உடன் படிக்கும் இருவரும் இப்படி வேனிலும் ஆட்டோவிலும் குழந்தைகளோடு போய் எழுதுகிறார்கள்.

தான் பாடம் நடத்தியதே சரியா என்று தெரியாமல், தெரிந்துகொள்ள ஒரு வருடம் சாலையில் அலைகிற ஆளை நான் பார்த்ததில்லை. நானும் அலைகிறவன்தான்.

பேசிக்கொண்டே படிவத்தைப் பார்த்தவர் நிறுத்தினார். “தேர்கிட்ட எப்பண்ணா பாத்தீங்க? நம்பர் சொல்லவே இல்லயே. ரெண்டு கையும் கொழந்த மேல இருந்துது.”

சொல்லிவிட்டேன். கூடத்து ஒட்டு வேலையையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“வண்டி நின்னுகினு இருந்துச்சு, கதவு தொறந்து கெடந்துது. அப்ப சூடு எறங்கியிருக்கலாம். ஏறியும் இருக்கலாம். நமக்குத் தெரியாது. நீங்க போட்ட நம்பர நம்பி, வண்டி நின்னா பயமில்லன்னு நான் பாடம் எழுதுவேன். அத்த படிச்ச பொண்ணு ஒருத்தி, நிக்கிற வண்டியில கொழந்த கால தொட்டுப் பாக்காம வுட்டுடுவா.” பேனாவை எடுத்து என் எண்ணின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் ‘எடுக்கவில்லை’ என்று எழுதி, தன் கையெழுத்தையும் வைத்தார். “தெரியலன்னா காலியா வுடுங்கண்ணா. எனக்குக் காலி கட்டமும் வேணும்.”

மற்ற எண்கள் உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். குழந்தைமேல் ஆணையாக என்று சொல்ல வாயெடுத்தேன், வேண்டாம் என்று கை காட்டினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு படிவத்தை மற்ற படிவங்களோடு வைத்துக்கொண்டார்.

ரயில் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்துப் புங்க மரத்தடியில் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களோடு படுத்தேன். காலையில் அக்கா தேடி வந்து இட்லிப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள். தங்கை எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம், குழந்தை இப்போது அவள் நெஞ்சில் இருக்கிறதாம். “கல்லுக்காரரு எங்கன்னு கேக்குறா,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வாசலில் துப்புரவு வேலைக்குக் காண்டிராக்டர் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் போய் நின்றேன். பெயர், ஊர், படிப்பு எல்லாம் கேட்டு நோட்டில் எழுதினார். பிறந்த தேதி கேட்டார். இதற்கு முன் எங்கே கேட்டாலும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியைச் சொல்வேன். என்னைப் பெற்ற நாளை யாரும் எழுதி வைக்கவில்லை.

“தெரியாது சார். காலியா வுடுங்க.”

“காலியா வுட்டா எப்டிய்யா? எதுனா ஒண்ணு சொல்லு, போட்டுக்கறேன்.”

“தெரியாது சார்.”

பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அவர் பேனாவால் தலையைச் சொறிந்தார், அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்ததுக்குப் போனார். பிறகு மூலையில் இருந்த வாளியையும் மாப்பையும் காட்டி, பிரசவ வார்டு, கீழ்த்தளம் என்றார். எடுத்துக்கொண்டு போனேன்.