ஜும்ஆவுக்கு முன் தள்ளிய அட்டைகள்

எங்கள் மென்பொருள் அலுவலகத்தில், வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் கணினியின் வேலைப் பலகையிலுள்ள எல்லா அட்டைகளையும் ‘முடிந்தது’ பக்கம் தள்ளிவைப்பேன். பார்க்க அழகாக இருக்கும். முடியாதவற்றைத் தொழுதுவிட்டு வந்து திருப்பி இழுப்பேன்.

அன்று குத்பாப் பிரசங்கத்தின் நடுவில்தான் நினைவு வந்தது: பலகையையும் வெளியீட்டையும் அன்று காலைதான் இணைத்திருந்தோம். இனித் தள்ளுவதெல்லாம் தானாகவே, நாங்கள் மென்பொருள் செய்துகொடுக்கும் கிளினிக்கின் கணினிக்குப் போய்விடும். நான் தள்ளியதில் இன்னும் சோதிக்காத, குழந்தைகளின் மருந்தளவுக் கணக்கும் இருந்தது. முதுகு வியர்த்தது. பக்கத்திலிருந்தவர் அதை இறையச்சம் என்று நினைத்திருப்பார்.

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும், பள்ளிவாசலில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு கல்முனை வீதியில் ஓடினேன். அலுவலகத்தில் மென்பொருள் சோதனை பார்க்கும் தங்கச்சி கதிரையிலேயே இருந்தாள்.

“கிளினிக்குக்குப் போயிட்டா?”

“இல்ல சேர். வெள்ளிக்கிழமை நீங்க தள்ளுவீங்க எண்டு தெரியும். நான் சரி எண்டு குடுக்காம ஒண்டும் போகாத மாதிரித்தான் இணைச்ச.”

கதிரையில் விழுந்து காலை நீட்டினேன். அவள் என் பாதத்தைப் பார்த்தாள்.

“சேர், அது ஆர்ட செருப்பு?”