கலியாணம் முடித்தவர்களின் பக்கம்

“பந்துக்குப் பின்னாலை ஓடி அடிபட்ட விசரங்களைப் பற்றி எழுதத்தானோ உன்னைப் படிப்பிச்சனான்?”

பாரிஸின் லா சப்பல் பகுதியில் தான் சமைக்கும் தமிழ் உணவகத்தின் குசினியில் வைத்து அப்பா கேட்டார். கையில் கொத்துரொட்டி கொத்தும் தகடு. “கணக்கியல் படி பிள்ளை. இல்லாட்டிச் சட்டம். பந்து சோறு போடாது.”

அங்கே கோப்பை கழுவும் வேலைக்கு இருந்த அண்ணை ஒருவர் திரும்பிப் பார்த்தார். “பந்து போடாட்டி என்ன, நீங்கள் போடுவியள்தானே?”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, பல்கலைக்கழகம் வரை போனவள் நான்தான். அந்தப் பெருமையை நான் ஒளிப்பதில்லை. ஆனால் மாஸ்டர் ஆய்வுக்கான தலைப்பை அடுத்த கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அப்பா ஓம் சொல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை.

நான் எடுக்க நினைத்தது ‘ஷூல்’. இடைக்காலப் பிரான்சின் கிராமங்களில் ஆடிய பந்தாட்டம். தவிடோ வைக்கோலோ அடைத்த தோல் பந்து. மைதானமில்லை, நடுவரில்லை. உதைக்கலாம், கையில் தூக்கிக்கொண்டு வயலுக்குள்ளாலும் ஆற்றுக்குள்ளாலும் ஓடலாம். இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவன் விதியை மீறிப் பந்தைக் கையில் எடுத்து ஓடினானாம், அப்படித்தான் ரக்பி பிறந்தது என்று எனக்கு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கடலுக்கு இரண்டு கரையிலும் சனங்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கை கால் முறிந்தது. சிலர் செத்தே போனார்கள். அரசர்கள் தடை போட்டார்கள். அப்படியும் சனங்கள் விடவில்லை. இதை முதலில் வாசித்த அன்று நூலகத்தில் வியப்பில் கத்திவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வடபிரான்சில், பிக்கார்டியில் ஒரு கிராமத்தில் ஈஸ்டர் திங்களன்று இன்னும் ஆடுகிறார்கள் என்று அறிந்தேன். விடுமுறை நாளில் அங்கே பஸ் இல்லை. அப்பா லீவு எடுத்து, உணவகத்துக்குச் சாமான் ஏற்றும் வானை இரவல் வாங்கி, முணுமுணுத்துக்கொண்டே ஓட்டி வந்தார்.

அங்கே அணி பிரிக்க ஒரே கேள்விதான்: கலியாணம் முடித்தவரா, இல்லையா? ஒரு தடித்த மனிதர் அப்பாவின் மோதிரத்தைப் பார்த்தார், தோளில் கை போட்டார், இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா கலியாணம் முடித்தவர்களின் நடுவில் நின்றார், வெளியே போகப் போடும் நல்ல சேட்டோடு.

பந்து மேலே போனது. ஊரே ஒருவர்மேல் ஒருவராக விழுந்தது. உடம்பும் உடம்பும் மோதும் சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. குவியலுக்குள்ளிருந்து நழுவிய பந்து நேரே அப்பாவின் கைக்கு வந்தது. எதிர்ப்பக்கத்து இளைஞன் ஒருவன் கைகளை நீட்டி, “சில் வூ ப்ளே, முசியே” என்றான், ‘தயவுசெய்து, ஐயா’ என்று.

அப்பா கொடுத்துவிட்டார். இரண்டு கையாலும், மேசைக்குச் சாப்பாட்டுத் தட்டை நீட்டுவதுபோல.

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தடித்த மனிதர் தலையில் கை வைத்தார். வாடிக்கையாளர் திட்டினாலும் குரல் உயர்த்தாத என் அப்பா, “டேய், நில்லடா!” என்று தமிழில் கத்தியபடி அவனைத் துரத்தினார். இடுப்பைப் பிடித்துச் சேற்றில் விழுத்தினார். அவர்கள் இருவருக்கும் மேலே இன்னும் ஆட்கள் விழுந்தார்கள். அப்பாவின் ஒரு சப்பாத்து மட்டும் வெளியே தெரிந்தது. இப்படிச் செத்தவர்களைப் பற்றி வாசித்தவள் நான். படமெடுக்கக் கொண்டுவந்த கமராவை மறந்து, குவியலை நோக்கி ஓடினேன்.

குவியல் பிரிந்தது. உதடு வெடித்து, சேட்டுக் கிழிந்து, பந்தை வயிற்றோடு அணைத்தபடி அப்பா எழும்பினார்.

திரும்பி வந்து லா சப்பலில் வானை நிறுத்தியதும் அப்பா கேட்டார்.

“சில் வூ ப்ளே எண்டு கேட்டால் குடுக்காம என்னெண்டு பிள்ளை இருக்கிறது?”

“அது விளையாட்டு, அப்பா.”

“விசர் விளையாட்டு.” வீங்கிய உதட்டைத் தொட்டுப் பார்த்தார். “அந்தக் காலத்திலையும் மோதிரத்தைப் பாத்தே ஆக்களைப் பிரிச்சவங்களோ?”

“தெரியாது.”

“தெரியாதெண்டால் தேடிப் பார். அதுக்குத்தானே உன்னைப் படிக்க அனுப்பினது. கோப்பை கழுவுறவனுக்கு மட்டும் இந்தக் கதையைச் சொல்லிப்போடாதை.”

மறுநாள் காலை தலைப்பைப் பதிவு செய்துவிட்டேன்: ஷூல் ஆட்டத்தில் கலியாணம் முடித்தவர்களும் முடிக்காதவர்களும்.