சுழன்றபடி ஹெர்மினே சொன்ன பதில்

வியன்னாவின் ஒட்டாக்ரிங் பகுதியில் எங்களுக்கு எதிர்வீட்டில் குடியிருந்த ஹெர்மினே நவ்ராட்டில் பால்கடையில் வேலை பார்த்தாள். வால்ட்ஸ் நடனப் படம் எடுக்கிறார்கள் என்றால் மட்டும் லீவு போட்டுவிடுவாள். போர் முடிந்த பிறகு அந்தப் படங்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் ஓர் அரண்மனை, ஒரு கவுண்ட் பிரபு, இருபது ஜோடிகள் சுழன்றாட ஒரு கூடம். இருபதில் ஒரு ஜோடி ஹெர்மினேயும் டிராம் கண்டக்டர் அலோய்ஸ் பொக்கோர்னியும். இசை முன்பே பதிவாகியிருக்கும். ஆடுகிறவர்கள் பேசுவது படத்தில் கேட்காது. அதனால் முகத்தில் புன்னகை மாறாமல் வம்பளந்துகொண்டே சுற்றுவார்கள்.

அவளுடைய அக்கா கமில்லாவுக்குச் சிறுவயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். "கேக்காத பாட்டுக்கு நான் எதுக்குடி டிக்கெட் வாங்கணும்?" என்று சொல்லி, தங்கை ஆடிய படம் எதையும் பார்த்ததில்லை. ஏழாவது படத்துக்கு நான்தான் இருவரையும் இழுத்துப்போனேன்.

கதாநாயகி கண்ணீரோடு விடைபெறும் கட்டம். அவள் தோளுக்குப் பின்னால் நம் ஜோடி சுழன்று வந்தது. எல்லோரும் மூக்கை உறிஞ்சும்போது கமில்லா வாய்விட்டுச் சிரித்தாள்.

"கவுண்டோட டோப்பா நனைஞ்ச பூனை மாதிரி இருக்காம்!"

தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. யாரோ "உஷ்" என்றார். அவளிடம் சொல்லி என்ன பயன்?

ஜோடி மறுபடி சுற்றி வந்தது. அவள் சிரிப்பு நின்றது.

"கட்டிக்கிறியான்னு கேக்குறான். நீ... அக்காவத் தனியா விட்டுட்டு எப்படி வர்றதுன்னா சொன்னே?"

ஹெர்மினே கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள்.

மறுநாள் காலை கமில்லா டிராம் டிப்போவுக்கே போய் அலோய்ஸின் சட்டைக்கையைப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை குலாஷ் கறி பண்றேன். சாப்பிட வா."

"அவ வேணாம்னுட்டாளேக்கா."

"அவளைக் கேட்டது போதும். இப்ப என்னைக் கேளு."

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, உதடு தெளிவாகத் தெரியும்படி தங்கையைப் பெண் கேட்டான்.

"சரி. ஆனா எங்க வீட்லதான் இருக்கணும். அவ இல்லாம எனக்கு முடியாது," என்றாள். சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்திருந்ததாக அலோய்ஸ் பிறகு என்னிடம் சொன்னான்.

மே மாதம் கல்யாணம். அன்று அலோய்ஸ் கமில்லாவையும் ஆட அழைத்தான். மூன்று முறை அவன் காலை மிதித்தாள்.

"ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுங்கக்கா."

"நீ வாய மூடு. உன் உதட்டப் பாத்தா காலு தப்புது."