திரையில் இருந்த 6.4

என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே இருக்கைகள். கூலாயிலிருந்து தங்காக்கில் உள்ள என் அம்மா வீட்டுக்கு நெடுஞ்சாலையில் போகும்போது தொண்ணூறைத் தாண்டமாட்டார்.

“அலமாக்! லாரியெல்லாம் நம்மள முந்திட்டுப் போகுதுங்க,” என்று சலித்துக்கொள்வேன்.

“வேகமா யாரு வேணாலும் ஓட்டலாம் லா. இந்தக் காரை எண்ணெய் குடிக்காம ஓட்டுறதுதான் கெட்டிக்காரத்தனம்.”

நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திரையில் தெரியும். ஒவ்வொரு முறையும் பெட்ரோல் நிரப்பியதும், “ம், அழுத்து” என்பார். நடுவிலிருக்கும் பொத்தானை நான் அழுத்துவேன். பழைய கணக்கு அழிந்து புதிது தொடங்கும்.

சென்ற ஆண்டு மாரடைப்பில் போய்விட்டார். சில வாரங்கள் கழித்து நானே காரை எடுத்தேன். திரையில் 6.4 என்றிருந்தது. அதுவரை அவ்வளவு குறைவாக வந்ததே இல்லை. அதை என்னிடம் சொல்லிப் பெருமையடிக்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வழியில் பெட்ரோல் நிரப்பினேன். உட்கார்ந்ததும், பழக்கத்தில் என் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. அவர் கடைசியாக ஓட்டிய கணக்கு அழிந்துபோனது. அங்கேயே வாய்விட்டு அழுதேன்.

இப்போது நானும் தொண்ணூறில்தான் போகிறேன். முன்னால் வண்டிகள் தேங்கினால் பிரேக்கை மிதிக்காமல், அவரைப்போல முன்கூட்டியே காலை எடுத்துவிடுகிறேன். பெட்ரோல் நிரப்பினாலும் பொத்தானைத் தொடுவதில்லை.

போன வாரம் தங்காக்கை நெருங்கும்போது திரையில் 6.4 வந்தது.

“ஏங்க, பாருங்க!” என்று வலப்பக்கம் திரும்பினேன். கதவுக் கண்ணாடிதான் இருந்தது. அவர் இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன்.