ஐம்பத்தெட்டுக் கூடைகள்

எங்கள் பஸ் கம்பெனிக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. முதலாளிக்கு அதில் பெரிய பெருமை. நன்றாக ஆடுகிறவர்களுக்குக் கம்பெனியிலேயே வேலை கொடுத்து வைத்துக்கொள்வார். நிரந்தர வேலை இல்லை, ஒரு வருஷ ஆர்டர். ஒவ்வொரு ஏப்ரலிலும் உட்கார்ந்து பேசிப் புதுப்பிப்பார்கள். அணியில் இடம் போனால் வேலையும் போயிற்று. அந்த ஆர்டர்களை டைப் அடித்தவன் நான். சாயங்கால ஆட்டங்களில் மைதானத்தோரம் மேஜை போட்டு ஸ்கோர் எழுதியவனும் நான்தான்.

பதினோரு ஆர்டர் வாங்கியவர் ஒருவர் இருந்தார். போளூர் பக்கம் கிராமம், விவசாயக் குடும்பம், ஆறடி இரண்டு அங்குலம். பகலில் செக்கிங் இன்ஸ்பெக்டர். சாயங்காலம் கூடைக்கு அடியில் நிற்கிறவர். வெளியூரில் எங்கள் அணி என்றாலே அவர்தான்.

எண்பதுகள் தொடங்கிய சமயம் அவருக்கு வயது முப்பத்தாறு. முப்பத்துநாலு என்று சொல்லிக்கொள்வார். பள்ளிச் சான்றிதழ் என் பீரோவில் இருந்தது. வலது முழங்காலில் இரண்டு சுற்றுப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார். ஐந்தரை மணிக்கெல்லாம் ஊரை ஒட்டிய மலையின் நிழல் மைதானத்தில் விழும். அதற்குப் பிறகு அந்தக் கால் விறைத்துக்கொள்ளும். சுவர்மேல் உட்கார்ந்திருப்பவர்கள், அண்ணே, ஸ்டூல் போடட்டுமா என்று கேட்பார்கள். போடு, ஆனா பந்த மட்டும் இங்கயே அனுப்பு என்பார் அவர்.

அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஏழாவது படித்தாள். ஆர்டர் வராவிட்டால் குடும்பத்தோடு ஊருக்குத்தான் போக வேண்டும், அங்கே இரண்டு ஏக்கரில் ஏற்கெனவே மூன்று தம்பிகள் நிற்கிறார்கள் என்று என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

இங்கே ஸ்கோர் எழுதும் முறையைச் சொல்ல வேண்டும். பந்து கூடையின் வளையத்தில் பட்டுத் திரும்பும்போது அடியில் நாலைந்து கைகள் ஒரே சமயம் எழும். யாராவது ஒருவர் தட்டிவிட, பந்து உள்ளே போகும். யார் கை என்று மேஜையிலிருந்து தெரியாது. ரெஃப்ரி இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அணிக்கு இரண்டு பாயிண்ட், அதில் சந்தேகமில்லை. ஆனால் நோட்டில் ஒரு பெயருக்கு நேராக எழுத வேண்டுமே. எங்கள் வழக்கம், அப்படிப்பட்ட கூடையைச் சீனியர் பெயரில் எழுதிவிடுவது. எனக்கு முன்னால் எழுதியவர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன். மொத்தம் மாறாது என்பதால் யாரும் கேட்டதில்லை. சீனியர் என்றால் அந்த இன்ஸ்பெக்டர்தான், பாதிக்குமேல் அவரே தட்டியதாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் ஆரம்பத்திலேயே, அவரை இனி வைத்துக்கொள்வதா என்ற பேச்சு கிளம்பிவிட்டது. ஏப்ரலில் என் நோட்டைக் கேட்பார்கள் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒருவருடைய பிழைப்பை முடிவு செய்யப்போகும் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சந்தேகக் கூடைகளை யார் பெயரிலும் எழுதவில்லை. கடைசியில் ஒரு கட்டம் போட்டு அதில் தனியாக எழுதினேன். இருபத்திரண்டு ஆட்டங்கள். அந்தக் கட்டத்தில் ஐம்பத்தெட்டுக் கூடைகள் சேர்ந்தன.

கூட்டம் ஷெட்டுக்கு மேல் மாடியில், முதலாளியின் அறையில் நடந்தது. முதலாளி, மேனேஜர், அணிக்குப் பயிற்சி கொடுத்த டிரில் மாஸ்டர், நோட்டோடு நான். வேலூர்க் கல்லூரியில் ஆறடி நாலு அங்குலத்தில் ஒருவன் இருக்கிறான், இந்த வருஷம் விட்டால் மெட்ராஸ்காரர்கள் கொண்டுபோய்விடுவார்கள் என்றார் மாஸ்டர். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. ஜனங்கள் யாரைப் பார்க்க வருகிறார்கள் என்று கேட்டார். அவர் போனால் வேர்க்கடலை விற்கிறவனும் வரமாட்டான் என்றார். இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். டீ இரண்டு தடவை வந்தது.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"பேச்சு போதும். நோட்டு இன்னா சொல்லுது?"

அவர் போன வருஷம் ஆட்டத்துக்குப் பதினேழு பாயிண்ட், இந்த வருஷம் பதினொன்று என்று படித்தேன்.

"ஆறு கம்மியா?"

"ஆமாங்க."

மேனேஜர் நோட்டை வாங்கிப் பார்த்தார். கடைசிக் கட்டத்தை அவர் கேட்கவில்லை. பழைய முறையில் எழுதியிருந்தால் பதினாறே கால் வரும் என்று முந்தின நாளே ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்திருந்தேன். தாள் சட்டைப் பையில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் பத்து வருஷ நோட்டும் தப்பு என்று ஆகியிருக்கும். பக்கத்து ஊர் அணிகளுக்குத் தகராறு என்றால்கூட என் நோட்டைத்தான் கேட்டு வருவார்கள். நான் சொல்லவில்லை. மேனேஜர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். வேலூர்ப் பையனுக்கு எழுதச் சொன்னார் முதலாளி. கீழே வந்து எழுதினேன். டைப் அடிக்கும்போது ஒரு பிழையும் வரவில்லை.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு அவர் சர்வீஸ் சர்டிபிகேட் வாங்க வந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"ஆறு கம்மின்னு சொன்னாங்க சார். நான் பழையபடிதான் ஆடுறேன்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

நான் மிஷினில் தாளைச் செருகினேன்.

"பதினோரு வருஷத்துல மொத்தம் எவ்ளோ சார் போட்டிருப்பேன்?"

"நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு," என்றேன். அந்த ஐம்பத்தெட்டுக்கு உண்டான நூற்றுப் பதினாறையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவரிடம் சேர்க்க முடிந்தது.

"அவ்ளோவா?" என்றார். பென்சில் கேட்டு வாங்கி, ஸ்டாஃப் பாஸின் பின்பக்கத்தில் அந்த எண்ணை எழுதிக்கொண்டார். அதைச் சர்டிபிகேட்டிலும் போட முடியுமா என்று கேட்டார். பெயர், தகப்பனார் பெயர், பதவி, காலம், நடத்தை, இந்த ஐந்துக்குத்தான் ஃபாரத்தில் இடம் என்றேன். பரவாயில்லை என்றார். நடத்தைக்கு நேராக நன்று என்று அடித்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு நாலாக மடித்துக்கொண்டார். பாஸ் இன்னும் இரண்டு நாளுக்குச் செல்லும் என்பதால் நாலே முக்கால் போளூர் வண்டியில் ஏறினார். சீட்டுகள் காலியாக இருந்தும் படிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். செக்கிங்குக்குப் போகும்போதும் அங்கேதான் நிற்பார்.

எனக்கு இன்னும் மூன்று கடிதங்கள் பாக்கி இருந்தன. அடித்தேன்.