நாற்பத்தேழாம் எண் இலை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரைக் கொறிப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாய் சும்மா இருக்காது. தையற்காரரான அவர் கணவர் மேல்சட்டையில் இரண்டு பை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். வலது பையில் சூரியகாந்தி விதை, இடது பையில் உரித்த தோல். மணிக்கொரு தடவை வராந்தாவுக்கு வந்து ஒரு பிடி கொறிப்பார். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்.

குளம் குட்டைச் செடிகளின் இலையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது அவர் வேலை. நீர்ச்செடி இலை வழவழவென்று கூழாகி மற்றவர்கள் உயிரை வாங்கும். அக்காவிடம் மட்டும் அந்தப் பாச்சா பலிக்காது. பிறகு இயந்திரம் அதன் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும்; எது எதற்கு உறவு என்று கணினி ஒரு வம்ச மரம் போட்டுத் தரும். அக்கா அதைக் கல்யாண வீட்டில் உறவு விசாரிப்பவர் மாதிரி படிப்பார்.

"இது அதோட சித்தப்பா பிள்ளை. அது தூரத்துப் பங்காளி. சம்பந்தி கிம்பந்தி எல்லாம் இங்க கிடையாது தம்பி, எல்லாமே ரத்த உறவு."

நான் கூடத்து வண்டி ஓட்டுநர். தண்ணீரில் இறங்கி இலை பறித்துக் கொடுப்பேன். இலை போடும் உறையில் செடியின் பெயர் எழுதுவது என் வேலை அல்ல, தலைவி மேடத்தின் வேலை. ஒருநாள் மேடம் எதிர்க்கரையில் இருந்தார். வட்டமான மிதக்கும் இலை, பூ இல்லை. இது தெரியாதா என்று முந்திரிக்கொட்டை மாதிரி நாற்பத்தேழாம் எண் உறையில் 'ஆம்பல்' என்று நானே எழுதிவிட்டேன்.

மரம் வந்தது. நாற்பத்தேழாம் எண் 'ஆம்பல்' மற்ற ஆம்பல்களை விட்டுவிட்டு, ஒப்பிடுவதற்காகச் சேர்த்திருந்த சூரியகாந்தியின் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. மேடம் மரத்தைப் பார்த்தார், அக்காவின் வலது பையைப் பார்த்தார்.

"உங்க விதைதான் உள்ள கலந்திருக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க பாத்திரம் கழுவுற பக்கம் போயிடுங்க."

பதினாறு வருடத்தில் ஒரு சோதனைக் குழாயைக்கூட மாற்றி வைக்காதவர். அக்காவின் முகம் செத்துவிட்டது.

"நாலு நாள் டைம் குடுங்க மேடம்" என்றார்.

நான் அங்கேதான் நின்றேன். வேலை போய்விடுமே என்ற பயத்தில், பெயர் எழுதியது நான் என்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அக்கா தன் பையிலிருந்த விதையையே அரைத்தார். நாற்பத்தேழாம் எண் உறையில் மீதமிருந்த இலையையும் அரைத்தார். இரண்டையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, என்னைக் குளத்துக்கு ஓட்டச் சொன்னார். அதே இடத்தில் இப்போது பூத்திருந்தது. சின்ன வெள்ளைப் பூ, இதழ் முழுக்கத் துண்டின் குஞ்சம் போல மயிர். ஆம்பல் எந்த ஜென்மத்திலும் இப்படிப் பூக்காது. அக்கா அதை இலையோடு பறித்துக்கொண்டார். நான் வண்டி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான்காம் நாள் புது மரத்தோடும் பூவோடும் மேடத்தின் முன் நின்றார்.

"என் விதை ஓர் எழுத்து பிசகாம சூரியகாந்தி மேலயே உட்கார்ந்திருக்கு. அது கலந்திருந்தா நாற்பத்தேழும் அங்கதான் உட்காரணும். இது தள்ளி உட்கார்ந்திருக்கு மேடம். சொந்தம்தான், ஆனா ஒரே ஆள் இல்ல."

மேடம் பூவை லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "இலைதான் ஆம்பல் மாதிரி. வம்சம் சூரியகாந்திப் பக்கம்" என்றார். பிறகு, "நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க. ஆமா, உறையில ஆம்பல்னு எழுதினது யாரு?"

அக்கா உறையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் மேடம்" என்றேன்.

வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா வராந்தாவில் கொறித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"உன் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன் சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு நாலு நாள் பார்த்தேன்."

வலது பையிலிருந்து ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தார். வெட்கமாக இருந்தது. கொறிக்காமல் அப்படியே என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.