ஈரத் துணியின் எடை

ஆரணி நெசவுத் தெருவில் லீலாவின் கைக்கு ஒரு பெயர் இருந்தது. சாயம் தோய்த்து வரும் பட்டு நூல் கழியைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். ஈரம் மிச்சமிருந்தால் தராசில் சரியாக நிற்கும் கழி, காய்ந்தபின் குறைந்துபோகும். சாயக்கார எல்லப்பன் அவளைக் கண்டாலே, "தராசு வந்துகினு கீது, மறைச்சு வைங்கடா" என்று கத்துவான்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழையில், ஏழாம் மாதத்திலேயே அவளுக்குப் பெண் பிறந்தது. ஆயிரத்து இருநூற்றைம்பது கிராம். ஜரிகை போட்ட இரண்டு புடவையின் கனம். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் விட்டார்கள். லீலா பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுப்பாள். அது குழாய் வழியே போகும். தொடக் கூடாது. தடுப்புக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

"ஆயிரத்து ஐந்நூறு வரட்டும்மா. அன்னைக்கே உன் கையில குடுத்துடறேன்" என்றார் டாக்டர்.

முதல் வாரம் தொண்ணூறு கிராம் குறைந்தது. புருஷன் லோகநாதன் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டான். "பட்டு நூலை வேகவெச்சாலும் மொதல்ல பசை போய்க் கொறையத்தான் செய்யும். எழுந்து துன்னுங்க" என்று அதட்டிவிட்டு, லீலா குழாயடிக்குப் போய் அழுதாள்.

பிறகு ஏறத் தொடங்கியது. பத்து கிராம், பதினைந்து, ஒரு நாள் இருபது! காலையில் நர்ஸ் கமலம் எடை போடும் நேரத்துக்கு வராந்தாவே கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. முன்பின் தெரியாதவர்கள்கூட, "ஆரணிப் பாப்பா இன்னைக்கு எவ்ளோ?" என்றார்கள். முப்பதாம் நாள் ஆயிரத்து நானூற்று அறுபத்தைந்து.

மறுநாள் கமலம் தராசு முள்ளைப் பார்த்து, துணிக்கு வழக்கமாய்க் கழிக்கும் எடையைக் கழித்தாள். பேப்பரில் எழுதிக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள்: 1515.

வராந்தா ஆர்ப்பரித்தது. லோகநாதன் ஓடிப்போய் மிட்டாயோடு வந்து, எதிர்ப்பட்டவர் வாயிலெல்லாம் திணித்தான். லீலா கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் கமலம் பாப்பாவை எடை போட்ட துணியோடு பெட்டியிலிருந்து தூக்கினாள். துணியின் முனை மின்விசிறிக் காற்றுக்கு அசையவில்லை. கனத்துத் தொங்கியது.

லீலா பார்த்துவிட்டாள். நான்கு நாளாய் விடாத மழை. துணி எங்கே காய்ந்திருக்கும்?

"ஏங்க, அந்தத் துணி ஈரம்."

"வாயை மூடிகினு இரு" என்று லோகநாதன் பல்லைக் கடித்தான். "கைல குடுக்கப் போறாங்க."

அவளுக்கும் வாயை மூடிக்கொள்ள ஆசைதான். பாப்பாவைத் தூக்கக் கை அரித்தது. ஆனால் ஈரம் காட்டிய எடையை நம்பி வெளியே எடுத்து, பாப்பா குளிரில் விறைத்துப் போனால்?

கதவைத் தட்டினாள். "சிஸ்டர், காய்ஞ்ச துணியில இன்னொரு வாட்டி போடுங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கமலம் முறைத்தாள். ஆனாலும் துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த துணிக்கு மாற்றிப் போட்டாள். ஆயிரத்து நானூற்று எழுபத்தைந்து.

"துன்ன மிட்டாயைத் திருப்பிக் கேக்கவா முடியும்?" என்றான் லோகநாதன். மிச்ச மிட்டாயை மடியில் முடிந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்கு மூன்றாம் நாள் ஆயிரத்து ஐந்நூற்று ஐந்து. கமலமே இரண்டு தரம் துணியை உதறிக் காட்டிவிட்டு எடை போட்டாள். பாப்பாவைக் கொண்டுவந்து லீலாவின் கையில் வைத்தாள்.

"கை இன்னா சொல்லுது, ஆரணிக்காரம்மா?"

லீலா பாப்பாவை மெல்ல ஏந்திப் பார்த்தாள். "ரெண்டு கிலோ... ரெண்டரை இருக்கும் சிஸ்டர்."

"போச்சு, தராசு ரிப்பேரு!" லோகநாதன் போட்ட சத்தத்தில் வராந்தா சிரித்தது.

லீலா வழக்கம்போல் பாப்பாவைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது, துணியல்ல, அவள் கன்னம். இந்தத் தடவை அவள் யாரிடமும் சொல்லவில்லை.